தமிழ் மடலைப் படமாக்காதீர்!



நம் தமிழ்ப்பள்ளிகளின் இணையப் பக்கங்களைத் திறந்து பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. பார்க்குந்தோறும் மனத்தை உறுத்தும் காட்சி ஒன்று அங்கே இருக்கிறது. மலாய் அறிக்கை எழுத்தாக இருக்கும். ஆங்கில அறிக்கையும் எழுத்தாகவே இருக்கும். தமிழ் அறிக்கை மட்டும் படமாக இருக்கும். மின்னஞ்சலில் வந்த தமிழ் மடலைத் திரையிலேயே படம்பிடித்து, ஓரங்களை வெட்டி, அப்படியே ஒட்டியிருப்பார்கள். அதே படம் பெற்றோரின் புலனக் குழுக்களிலும் வலம் வரும்.

ஏன் இப்படி என்று கேட்டால் எல்லா இடத்திலும் கிடைக்கும் விடை ஒன்றே: "தமிழைப் பக்கத்தில் ஏற்றினால் எழுத்து உடைந்துவிடுகிறது ஐயா!"

இந்த விடையை நான் ஏற்கவில்லை. தமிழ் தானாக உடைவதில்லை. மின்னஞ்சலை இணையப் பக்கமாக மாற்றும் வேலையை அரைகுறையாகச் செய்தவர் உடைக்கிறார். பழியோ தமிழின்மேல் விழுகிறது. அந்தப் பழியை நாமும் நம்பி, தமிழைப் படச் சட்டத்துக்குள் அடைத்துவிட்டோம். மாற்றும் வேலை எப்படி நடக்கிறது, எங்கே பிழைக்கிறது என்பதை அறிந்துகொண்டால், நிரல் எழுதித் தருபவரிடம் நாமே வழக்குரைக்கலாம். இந்தப் பதிவு அதற்காகவே.

மடலுக்குள் என்ன இருக்கிறது?

மின்னஞ்சல் பிறந்த காலத்தில் அதில் ஆங்கில எழுத்துக்கு மட்டுமே இடமிருந்தது. 1982-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஓர் எழுத்துக்கு 7 இருமக்குறிகள் (பிட்டுகள்). அதற்குள் 128 குறிகள்தாம் அடங்கும். தமிழுக்கு மட்டுமன்று, சீனத்துக்கும் அரபுக்கும் அங்கே வாசல் இல்லை. 1992-இல் நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவர் 'மைம்' என்ற முறையை வகுத்தனர். பழைய அஞ்சல் வழியை மாற்றாமலேயே எந்த மொழியையும், படத்தையும், ஒலியையும் அனுப்ப வழி பிறந்தது.

மைம் முறையில் ஒரு மடல் என்பது ஒற்றைத்தாள் அன்று, அடுக்குப் பாத்திரம். ஒரு தட்டில் வெற்றுரை. அடுத்த தட்டில் அதே செய்தி, தடித்த எழுத்தும் அட்டவணையும் கொண்ட எச்.டி.எம்.எல். வடிவில். இன்னொரு தட்டில் பள்ளிச் சின்னம். கடைசித் தட்டில் இணைப்பாக வரும் படிவம். ஒரு தட்டுக்குள் வேறு தட்டுகளும் இருக்கலாம். ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: இதற்குள் இருப்பது என்ன வகை, எந்த எழுத்துக் குறியாக்கம், எம்முறையில் பொதியப்பட்டது என்று அது சொல்லும். ஒரே செய்தியின் மாற்று வடிவங்கள் சேர்ந்து வரும்போது எளியது முதலிலும் செழுமையானது இறுதியிலும் நிற்க வேண்டும் என்பதும் விதி.

பொதியும் முறைகள் இரண்டு பெருவழக்கில் உள்ளன. 'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் அதற்கு 5 குறிகள்: த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள், ஆக 15. அதை 'கோட்டட் பிரின்டபிள்' முறையில் பொதிந்தால் 45 குறிகள் ஆகும். 'பேஸ்64' முறையில் பொதிந்தால் 20 குறிகள் ஆகும். இரண்டிலும் ஓர் எழுத்தும் இழக்கப்படுவதில்லை. சீட்டைப் படித்து, சொன்ன முறைப்படி பிரித்தால் அதே ஐந்து குறிகளும் அப்படியே வெளிவரும்.

அனுப்பியவர் முறையாக அனுப்பியிருந்தால், மடலின் தமிழ் பழுதின்றி உங்கள் அஞ்சற்பெட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்குச் சான்று வேண்டுமா? அஞ்சற்பெட்டியில் அதை நீங்கள் படித்தீர்கள் அல்லவா? படித்ததால்தானே படம்பிடிக்க முடிந்தது!

எங்கே உடைகிறது?

அஞ்சற்பெட்டிக்கும் பள்ளிப் பக்கத்துக்கும் இடையில் உடைகிறது. அந்த இடைவழியில் இன்று நிற்பது 'ஏ.பி.ஐ.' எனப்படும் வாசல். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் இணையத்தின் வழி வேலை வாங்கும் இடம். 2020-இல் நம் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா தளத்தின் வழி ஆசிரியர்களுக்குக் கூகுள், மைக்ரோசாப்ட் கணக்குகள் கிடைத்தன. அவ்விரு நிறுவனங்களின் அஞ்சலுக்கும் இத்தகைய வாசல் உண்டு. மைக்ரோசாப்டின் 'கிராஃப்' வாசல் மடலின் உடலை எச்.டி.எம்.எல். ஆகவே எடுத்துத் தரும். ஜிமெயிலின் வாசலோ மடலைக் கிளை கிளையாகப் பிரித்து மரம்போல் நீட்டும். எந்தக் கிளையில் செய்தி இருக்கிறது என்று தேடி எடுப்பது நிரல் எழுதுபவரின் கடமை. இந்தத் தேடலில்தான் தமிழ் அடிபடுகிறது.

முதற்பிழை: மேற்கிளையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது. இணைப்பு இல்லாத மடலில் செய்தி மேற்கிளையிலேயே இருக்கும். ஒரு படிவத்தை இணைத்தவுடன் செய்தி ஒரு படி உள்ளே இறங்கிவிடும். உள்ளே இறங்கித் தேடாத நிரல் வெறுங்கையோடு வரும். நான் அறிந்த பள்ளியொன்றில் கல்விச் சுற்றுலா பற்றிய மடலுக்கு இதுவே நேர்ந்தது. பக்கத்தில் ஒப்புதல் படிவம் தெரிந்தது. படிவத்தை என்றைக்குள் அனுப்ப வேண்டும் என்ற செய்தி தெரியவில்லை. நாள் கடந்தபின் படிவத்தோடு வந்த தாய் ஒருவர் வாசலில் நின்று கேட்டார்: "தேதி எங்கே போட்டிருக்கிறீர்கள் டீச்சர்?" அந்த அம்மா கேட்டதில் என்ன தவறு?

இரண்டாம் பிழை: சீட்டைப் படிக்காமல் பிரிப்பது. யூ.டி.எஃப்-8 என்று சீட்டு சொல்லியிருக்கும். நிரலோ மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று தானே முடிவு செய்யும். உடனே 'த' என்னும் ஓரெழுத்து மூன்றாகச் சிதறும்: தலையில் கோடு போட்ட ஒரு பிரெஞ்சு எழுத்து, வட்டத்துக்குள் அடைபட்ட வணிகப் பதிவுக் குறி, ஒரு நாணயக் குறி. இந்த அலங்கோலத்தைப் பார்த்திராத தமிழர் நம்மில் யார்? இதைத்தான் "தமிழ் உடைந்துவிட்டது" என்கிறோம். ஆங்கில எழுத்துகள் இரண்டு குறியாக்கத்திலும் ஒன்றே. ஆகவே ஆங்கில மடலைக் கொண்டு சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

மூன்றாம் பிழை: வரிவரியாக எழுத்தாக்குவது. பொதிந்த மடல் 76 குறிக்கு மேற்போகாத வரிகளாக வெட்டப்பட்டிருக்கும். வெட்டு ஒரு தமிழெழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலும் விழலாம். எல்லா வரிகளையும் பிரித்து ஒன்றுசேர்த்த பின்னரே எழுத்தாக்க வேண்டும். பொறுமையின்றி ஒவ்வொரு வரியையும் தனித்தனியே எழுத்தாக்கும் நிரல், வெட்டுப்பட்ட எழுத்தின் இடத்தில் கருங்கட்டத்துக்குள் வினாக்குறியை நடும். ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட்டு. வெட்டுப்பட அங்கே நடு என்பதே இல்லை. இங்கும் அடி தமிழுக்கே.

நான்காவது மிக நுட்பமானது. பேஸ்64 முறையில் 64 குறிகள் உண்டு. அவற்றுள் கடைசி இரண்டு கூட்டற்குறியும் சாய்கோடும். ஜிமெயில் வாசல் தருவது இதன் இணைய வடிவம். அதில் இவ்விரண்டுக்கும் மாற்றாகச் சிறுகோடும் அடிக்கோடும் வரும். பழைய வடிவை மட்டும் அறிந்த நிரல்களுள் சில, தமக்குத் தெரியாத குறியை உதிர்த்துவிட்டு மேலே போகும். அதன்பின் வருவதெல்லாம் நழுவிச் சிதையும். இனி, தமிழுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளை மட்டும் கொண்ட சொற்களைப் பொதிந்தால் அவ்விரு குறிகளும் வருவதே இல்லை. தமிழிலோ பைட்டுகளை மும்மூன்றாகப் பிரிக்கும்போது நம் எழுத்து அந்த மூன்றுக்குள் சரியாகப் பொருந்தி அமர்ந்தால், துணைக்கால் சிறுகோட்டில் முடியும். மேல்விலங்கு அடிக்கோட்டில் முடியும். துணைக்காலும் மேல்விலங்கும் இல்லாமல் ஒரு தமிழ் மடலை எழுத முடியுமா? ஆங்கிலச் சொற்களால் நூறு முறை சோதித்தாலும் வெளிப்படாத பிழை, ஒரே ஒரு தமிழ் மடலில் வெளிப்படும்.

ஆகவே, "ஆங்கிலத்துக்குச் சரியாக வருகிறது, தமிழுக்கு வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதன் பொருள், "நான் தமிழில் சோதிக்கவே இல்லை" என்பதுதான்!

ஐந்தாவதாக, தமிழாசிரியர் நெஞ்சைச் சுடும் பிழை ஒன்றும் உண்டு. வெற்றுரையை எச்.டி.எம்.எல். பக்கத்தில் அப்படியே கொட்டினால் வரிமுறிவுகள் மறைந்துபோகும். எதுகை பார்த்து, அடி பிரித்து மாணவர் எழுதியனுப்பிய வெண்பா, பக்கத்தில் ஒரே வரியாக ஓடும். வரிமுறிவைக் காக்கும் குறியைச் சேர்ப்பது சில நொடி வேலை. செய்யுள் அறியாதவருக்கு அது வேண்டாத வேலையாகத் தோன்றுகிறது.

சொல்லப்படும் சாக்குகள்

"படமாக இருந்தால் எல்லாருக்கும் தெரியுமே!" என்பர். தெரியாது. பார்வையற்ற பெற்றோருக்குத் தெரியாது. திரையில் உள்ளதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும் கட்டற்ற மென்பொருள்கள் இன்று உள்ளன. எழுத்தை அவை வாசிக்கும். படத்துள் இருக்கும் எழுத்தை வாசிக்க வேண்டுமானால் அதை அடையாளங்காணும் வேறொரு கருவி இடையில் வேண்டும். அது ஊகித்த எழுத்தையே அவர் நம்ப வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத, ஆனால் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரையும் எண்ணிப் பாருங்கள். எழுத்தாக இருந்தால் அவர் தொட்டு எடுத்து மொழிபெயர்த்துப் பார்ப்பார். சிறுதிரைக் கைப்பேசியில் எழுத்து தானாக மடங்கி வரும். படத்தைப் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டும். கனமும் அப்படியே: ஆயிரம் குறிகள் கொண்ட தமிழ் மடல் ஏறத்தாழ 3,000 பைட்டுதான். திரைப்படமோ சில நூறாயிரம் பைட்டுகளை எளிதில் எட்டும்.

"யார் ஐயா பழைய அறிக்கையைத் தேடப் போகிறார்?" என்பர். பத்தாண்டு கழித்துப் பள்ளி மலர் தொகுக்கும்போது நீங்களே தேடுவீர்கள். எழுத்தாக இருப்பதை ஒரு சொல்லால் கண்டெடுக்கலாம். படமாக இருப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு பள்ளியின் வரலாறு அதன் அறிக்கைகளில் இருக்கிறது. தோட்டப்புறத்திலிருந்து இடம்பெயர்ந்த பள்ளிகள் எத்தனையோ பதிவேடுகளைத் தொலைத்துவிட்டு இன்று தவிக்கின்றன. கணினிக் காலத்திலும் அந்த நிலையை நாமே உண்டாக்க வேண்டுமா?

"இலவசமாக மாற்றித் தரும் இணையச் சேவைகள் இருக்கின்றனவே, மடலை அங்கே அனுப்பினால் எச்.டி.எம்.எல். வந்துவிடுமே!" என்பர். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பெற்றோர் பள்ளிக்கு எழுதும் மடலில் என்னென்ன இருக்கும் என்பது ஆசிரியர்க்குத் தெரியும். பிள்ளையின் அடையாள எண், நோய், வீட்டின் வருமானம், சில வேளை கண்ணீர். அதை முகம் தெரியாத ஒருவரின் கணினிக்கு அனுப்பி மாற்றித் தரச் சொல்வது, மாணவரின் கோப்பைக் கடைத்தெருவில் வைத்துத் தட்டெழுதச் சொல்வதற்கு ஒப்பாகும். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அது மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அரசுப் பள்ளியில் பணியாற்றும் நமக்கு அந்தச் சட்டத்தின் கண்டிப்பு இல்லை என்றால், நம் மனச்சான்றின் கண்டிப்பு இருமடங்காக வேண்டும். மடலைப் பிரிக்கும் கட்டற்ற நிரற்கூறுகள் புகழ்பெற்ற நிரல்மொழிகளில் உண்டு. பள்ளியின் சொந்த வழங்கியிலேயே அவற்றை நிறுவலாம். மடல் வெளியே போக வேண்டிய தேவையே இல்லை.

"பழைய மடல்களை என்ன செய்வது?" என்று கேட்பவருக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன், அது நேர்மையான கேள்வி. ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி முதலிய குறியாக்கங்களில் எழுதிய மடல்கள் பலரிடம் உள்ளன. அவற்றுள் பலவற்றின் சீட்டு மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று தவறாகவே சொல்லும். இன்றைய உலாவிகள் திஸ்கியை அறியா. அட்டவணை பார்த்து ஓரெழுத்துக்கு ஓரெழுத்தாக மாற்றினாலும் போதாது. திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் வரும். வரிசையை மாற்றி அடுக்க வேண்டும். லினக்சு இயங்குதளங்களில் பெருவழக்காக உள்ள 'ஐகான்வி' மாற்றுக்கருவி திஸ்கியை அறியும். எனவே இதற்கும் வழி உண்டு. வேண்டுவது பொறுமையும், தமிழ் அறிந்த ஒருவர் இறுதியில் சரிபார்ப்பதும்.

யார் உழைத்த உழைப்பு!

தமிழ் கணினியில் எழுத்தாக நிற்பதற்கு நம் மண்ணில் உழைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கினார். 1997-இல் அங்கே தமிழிணைய மாநாடு கூடியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' உருவாக்கினார். அதன் பெயரிலேயே அஞ்சல் இருக்கிறது. 1999-இல் சென்னையில் கூடினர். 2001-இல் கோலாலம்பூரில் கூடினர். குறியாக்கம் ஒன்றாக வேண்டும், ஒருவர் எழுதிய தமிழை இன்னொருவர் எந்தக் கணினியிலும் படிக்க வேண்டும் என்று வாதாடினர். அந்த வாதம் வென்றது. இன்று ஒருங்குறித் தமிழ் கைப்பேசிகளில் தானாகவே இருக்கிறது.

வென்ற பின்னர் நாம் செய்வது என்ன? எழுத்தைப் படம்பிடித்து ஒட்டுகிறோம்! குறியாக்கமே இல்லாத காலத்துக்கு நாமாகவே திரும்பி நடக்கிறோம். மலாயும் ஆங்கிலமும் எழுத்தாக, தமிழ் மட்டும் படமாக இருக்கும் பக்கத்தை நம் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். "கணினிக்குத் தமிழ் ஒத்துவராது" என்ற பாடத்தை நாம் வாய்திறந்து சொல்லவில்லை. பக்கம் சொல்லிக்கொடுக்கிறது.

கேட்க வேண்டியவை

பள்ளிப் பக்கத்தை உருவாக்கித் தருபவர் உறவினராயினும், முன்னாள் மாணவராயினும், கூலிக்குச் செய்பவராயினும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்கட்டும்:

1. மடலின் எல்லாக் கிளைகளிலும் இறங்கித் தேடுகிறதா உங்கள் நிரல்? எச்.டி.எம்.எல். வடிவு இல்லாதபோது வெற்றுரையை எடுத்து, வரிமுறிவு கெடாமல் தருகிறதா?

2. ஒவ்வொரு பகுதியின் குறியாக்கச் சீட்டையும் மதிக்கிறதா? பைட்டுகளை முழுதும் சேர்த்த பின்னரே எழுத்தாக்குகிறதா?

3. மடலுக்குள் பதித்த படங்கள் பக்கத்திலும் தெரிகின்றனவா? மடலுக்குள் மட்டுமே செல்லும் முகவரியால் அவை சுட்டப்பட்டிருக்கும். அதை மாற்றாவிட்டால் வெற்றுக் கட்டம்தான் தெரியும்.

4. மடலோடு ஒட்டிவரும் தீய நிரற்கட்டளைகளையும், படித்தவரை வேவு பார்க்கும் மறைபடங்களையும் களைந்த பின்னரே பக்கத்தில் ஏற்றுகிறதா?

5. வெளிவரும் பக்கம் தன் குறியாக்கம் யூ.டி.எஃப்-8 என்றும், தன் மொழி தமிழ் என்றும் அறிவிக்கிறதா? அந்த அறிவிப்பைப் பார்த்தே வாசிப்பு மென்பொருள்கள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

6. மடல் பள்ளியின் வழங்கியை விட்டு வெளியே போகிறதா? போகிறதென்றால், எங்கே? எவ்வளவு காலம் அங்கே தங்கும்?

இவற்றை வாய்ச்சொல்லாக ஏற்காதீர். ஒரு சோதனை மடல் அனுப்புங்கள். தலைப்பு நீண்ட தமிழ்த் தொடராக இருக்கட்டும். உள்ளே இடைவெளியும் எண்ணும் ஆங்கிலச் சொல்லும் கலந்த ஒரு நீண்ட தமிழ்ப் பத்தி, நாலடிச் செய்யுள் ஒன்று, 'ஸ்ரீ', 'க்ஷ', 'கௌ' ஆகிய எழுத்துகள், நடுவில் பள்ளிச் சின்னம், இறுதியில் இணைப்பாக ஒரு படிவம். இந்த மடல் பக்கத்தில் எழுத்து பிசகாமல் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிரல் சரியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மடலின் எழுத்தைத் தெரிவு செய்து, படியெடுத்து, பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். இன்றைய கருவிகளில் பெரும்பாலும் அதுவே போதும். படம்பிடிக்க ஆகும் நேரத்தைவிட அதற்கு அதிக நேரம் ஆகாது. பெற்றோரே, அடுத்த முறை தமிழ் அறிக்கை படமாக வந்தால், "எழுத்தாக அனுப்புங்கள் ஐயா" என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

தமிழ்ப்பள்ளியின் சுவரில் தமிழை எழுதிவைத்திருக்கிறோம். அதன் இணையப் பக்கத்திலும் எழுதியே வைப்போம்.